ஒட்டடைக்குச்சியின் இடது கை

என் வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒட்டடைக்குச்சி என்றால்தான் தெரியும். ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. முப்பது வருடமாக வீடு வீடாகப் போய் ஜன்னல்களுக்குத் திரை மாட்டுகிறார். திரைகளைத் தைத்துக் கொடுப்பது நான். மற்றவர்கள் ஏணியில் நான்கு படி ஏற வேண்டிய இடத்தில் அவருக்கு இரண்டு படி போதும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த மனிதர் போன வருடம் ஒரு பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் திரையும் கையுமாக ஏணியிலிருந்து விழுந்தார். கால் வழுக்கவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் இதயம் ஆடி அசைந்து நிமிடத்துக்கு முப்பத்தைந்து தடவைதான் துடிக்கிறது. இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள்.

உள்ளே போன ஒயர் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்றார் நர்ஸ். அதற்காகக் கையைச் சும்மா தொங்கப்போட்டும் வைக்காதீர்கள், கீழேயே லேசாக அசைத்துக்கொண்டிருங்கள் என்றும் சொன்னார். முதல் பாதியை நான் சாமி வாக்காக எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பாதியைக் கண்டுகொள்ளவே இல்லை.

மூன்றாம் நாளே மனிதர் பரணில் இருந்த சர்க்கரை டப்பாவுக்குக் கையை நீட்டினார், அதுவும் இடது கையை. இவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அவருடைய ஆறு சட்டைகளிலும் இடது கையின் அடிப்பக்கத்தை உடம்புத் துணியோடு சேர்த்து, கனமான திரைக்குப் போடும் நூலால் இரட்டைத் தையல் போட்டேன். இனி தூங்கும்போதுகூடக் கை மேலே போகாது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறு வாரம் முடிந்தது. நான் பிரிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்றேன், அப்புறம் இன்னும் இரண்டு. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் தினமும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார். நான் போலீஸ் மாதிரி பின்னாலேயே போனேன். தையலைப் பிரித்துவிடலாமே என்று ஒரே ஒருமுறை கேட்டார். நான் போட்ட சத்தத்தில் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. வாயாடி மனிதர் அப்படி அடங்கியதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் டாக்டர் பார்த்துவிட்டு, கருவி அருமையாக வேலை செய்கிறது, இனி உடற்பயிற்சியைத் தொடங்கலாம் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அனுப்பினார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள் அவள். வலது கை விர்ரென்று மேலே போனது. இடது கையோடு சட்டை மொத்தமும் சேர்ந்து எழுந்தது. அவள் குனிந்து தையலைப் பார்த்தாள். இது யார் வேலை என்று கேட்டாள்.

"கடையில வாங்கும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு" என்றார் இவர், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

எனக்காகப் பொய் சொல்கிறார். நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொண்டேன்.

அவள் திட்டவில்லை. கத்திரிக்கோலை எடுத்துத் தையலை வெட்டினாள். அப்போதும் கை தோள் உயரத்துக்கு மேல் நகரவில்லை. அசைக்காமல் வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டதாம்.

"இனிமே என்னால திரை மாட்ட முடியாதாம்மா?" என்று அவளிடம் கேட்டார். அந்தக் குரலை முப்பது வருடத்தில் நான் கேட்டதில்லை. முடியும், ஆனால் வலிக்கும், மாதக்கணக்கில் ஆகும் என்றாள். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அவர் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று பேருந்தில் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மீதி ஐந்து சட்டைகளையும் பிரித்துப்போட்டேன். பயிற்சி இதுதான்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பூச்சி ஊர்வதுபோல மேலே ஏற வேண்டும். முதல் நாள் அவர் விரல் நின்ற இடத்தில் என் துணிச் சாக்கட்டியால் கோடு போட்டேன். என் நெற்றி உயரம்கூட இல்லை. மறுநாள் அதற்கும் ஒரு விரற்கடை கீழே. சுவரும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டார். நான் விடவில்லை. ஒரு வாரம் அதே கோடு. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. நடையும் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் பூங்காவரை நீண்டது. மகள் வீட்டு மூன்று மாடியை மூச்சிரைக்காமல் ஏறி, அவளிடம் பெருமையடித்தார். ஐந்தாம் மாதம் கோடு கதவு நிலையைத் தாண்டியபோது எனக்கு நாற்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது.

வேலைக்குப் போகலாம், ஏணியும் ஏறலாம் என்று டாக்டர் சொன்ன வாரமே பல் டாக்டர் வீட்டுக்குப் போனோம். அதே கூடம், அதே திரை. இரண்டாவது படியில் ஏறி நின்றார். கீழே நான் அவர் சட்டை நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றேன். கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போனார். கடைசிக் கொக்கி இடது ஓரத்தில் இருந்தது. கையை நீட்டியவர் பாதியில் நின்றுவிட்டார். வலிக்கிறதோ என்று பதறி நிமிர்ந்தேன்.

திரும்பாமலே சொன்னார்: "சட்டைய விடும்மா. ஏணியப் பிடிச்சுக்கோ."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். விட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இடது கை மேலே போய்க் கொக்கியை மாட்டியது.