இன்று பழுது எதுவும் இல்லை

பொது நூலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீட்டர் அண்ணன். மூன்று மாடிக்கும் குழாய், மின்சாரம், குப்பை எல்லாம் அவர் பொறுப்பு. பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலை.

புதிதாக வந்த மேலாளர் அவரைவிடப் பத்து வயது இளையவர். முதல் வாரமே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பம்ப் அறைக்கு வந்துவிட்டார். "மேல தனியா சாப்பிட்டா தொண்டையில இறங்க மாட்டேங்குதுண்ணே." அன்றிலிருந்து இருவருக்கும் அங்கேதான் சாப்பாடு. ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கரண்ட், தண்ணி, குப்பை, மூணையும் குறைக்கச் சொல்லி மேலிடத்துல உயிரை வாங்குறாங்க. நீங்க குறைச்சுக் காட்டுங்க. உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணன் மாடாய் உழைத்தார்.

விடுமுறை நாளில், ஆள் அரவமற்ற கட்டிடத்தில், தண்ணீர் மீட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். யாரும் ஒரு சொட்டு எடுக்கவில்லை. முள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே போனார். இரண்டாம் மாடிக் கழிப்பறை வால்வை மூடியதும் முள் நின்றது. திரும்பத் திறந்து, அங்கிருந்த ஃப்ளஷ் டேங்கில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினார். யாரும் இழுக்காமலே கீழே நீலம் கசிந்து இறங்கியது. "மாட்டிக்கிட்டியா" என்றார் டேங்கைப் பார்த்து.

வாசிப்பறையில் ஒரே சுவிட்சில் நாற்பது விளக்குகள். ஜன்னலோர வரிசையைத் தனியாகப் பிரித்தார். பகலில் அங்கே சூரியன் சம்பளமில்லாமல் வேலை பார்த்தது. காகிதம் ஒரு தொட்டி, சாப்பாட்டு மிச்சம் ஒரு தொட்டி என்று ஆனதும், தினம் வந்த குப்பை வண்டி வாரம் இருமுறை வந்தால் போதுமென்றானது.

"ஊரு லைட்டெல்லாம் அணைக்கிறீங்க, நம்ம வீட்டு பாத்ரூம் லைட் உங்க கண்ணுல படாதா?" என்பாள் மனைவி.

"இங்க மேலாளர் நீதானே. எழுதிக் குடு, பார்க்கிறேன்."

அன்றாட வேலையை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். முன்பெல்லாம் ஒரே நாளில் பக்கம் நிறையும். எட்டாவது மாதம் ஒருநாள் கட்டிடம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார், எழுத ஒன்றுமில்லை. 'இன்று பழுது எதுவும் இல்லை' என்று எழுதினார். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் அந்த வரிக்கென்றே ஒரு பச்சைப் பேனா வாங்கினார். வரிசையாக நாற்பத்தோரு நாட்கள். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையைப்போல அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டார்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேண்ணே. எழுதறதுக்கு வேணும்" என்றார் மேலாளர்.

"நிரந்தரம் ஆயிடும்போல" என்றார் அண்ணன் வீட்டில். மனைவி அன்றே சேதியைப் பக்கத்து வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

அதன்பிறகு மேலாளர் சாப்பிட வரவில்லை. மீட்டிங் என்றார்கள். நாலாவது வாரம் கிளார்க்கம்மா முகத்தைப் பார்க்காமல் ஒரு கடிதத்தை நீட்டினார். பராமரிப்புக்கு முழுநேர ஆள் இனித் தேவையில்லை. மாதம் ஒருமுறை வெளியாள் வந்துபோனால் போதும். ஆதாரமாகப் பின்னால் ஒரு நகல். நாற்பத்தோரு வரிகள். பச்சை, நகலில் கறுப்பாகியிருந்தது.

கடிதத்தோடு மேலாளர் அறைக்குப் போனார் அண்ணன். "தம்பி, நான் எழுதினதை இப்படியா படிச்சீங்க?"

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "பாராட்டித்தாண்ணே எழுதியிருக்கேன், மூணாவது பாரா பாருங்க. ஒரு ஆளையும் குறைச்சாகணும்னுட்டாங்க. வேற யாரைக் காட்டுறது?"

"அதைப் பம்ப் ரூம்ல உக்காந்து சொல்லியிருக்கலாமே. ஒரு டப்பாவுல கைவிட்டுத் தின்னோமே."

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போறதுக்குள்ள வெளியாளுக்கு வால்வெல்லாம் எங்க இருக்குன்னு..." என்று இழுத்தார்.

"அவனுக்கு எதுக்கு? உங்களுக்கே காட்டுறேன். வாங்க."

மாடி மாடியாகக் கூட்டிப்போனார். தொட்டிக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில், சிலந்தி வலைக்குள். ஒவ்வொன்றையும் மேலாளரையே குனிந்து தொடச் சொன்னார். வெள்ளைச் சட்டையில் துரு ஏறியது.

"இது பதினஞ்சாவது வால்வு, சார். இடப்பக்கம் திருப்பினா திறக்கும், சார்."

"தம்பின்னே கூப்பிடுங்கண்ணே."

"இன்னும் ரெண்டு இருக்கு, சார்" என்றபடி அண்ணன் முன்னால் இறங்கினார். பக்கத்து வீட்டில் இன்று மனைவி என்ன சொல்வாள் என்ற யோசனையில் ஒரு படி தவறியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து நீண்ட கையை அவர் பார்க்கவில்லை.