புது கம்ப்யூட்டரில் ஏறிய டியூட்டி சார்ட்

மைக் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது பயணிகள். பதினாறு வருடம் கண்டக்டராக ஓடியவள். முன்படிக்கட்டில் நின்று ஒரு ஸ்டாப்பின் பேரைச் சொன்னால், கடைசி சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவன் எழுந்து பையைத் துழாவுவான். டிரைவர்கள் ஹார்ன் ரிப்பேர் என்று எழுதிக்கொடுக்கவே மாட்டார்கள், அக்கா இருக்கும்போது எதற்கு என்று.

அந்தத் தொண்டையே ஒருநாள் அவளைக் கைவிட்டது. குரல்வளையில் முடிச்சு என்றார்கள். இரண்டு ஆபரேஷன் நடந்தது. "இனிமே கத்துனீங்கன்னா இருக்கற பேச்சும் போயிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவள் வாயிலிருந்து வந்தது, பேப்பரைப் பேப்பரால் தேய்த்தால் வருகிற சத்தம்தான். குரல் போனாலும் பெயர் போகவில்லை. பஸ்ஸில் இருக்க முடியாதவளை டெப்போவின் டியூட்டி ஆபீஸில் உட்கார வைத்தார்கள்.

நீளமான, ஒடுக்கமான அறை அது. ஒரே ஜன்னல், அதுவும் டீசல் பம்ப்பைப் பார்த்து. கம்பி போட்ட கவுன்ட்டர் வழியாக டிரைவர்களும் கண்டக்டர்களும் எட்டிப் பார்ப்பார்கள். எண்பத்துநாலு பஸ், இருநூற்றுப்பத்து ஆட்கள். யார் எந்த வண்டி, எந்த ஷிஃப்ட், யாருக்கு என்றைக்கு வார ஓய்வு, முந்தின டியூட்டி முடிந்து போதுமான நேரம் தூங்கினாரா, எல்லாம் டியூட்டி சார்ட்டில் வரவேண்டும்.

முன்னே அதை ஹெட் கிளார்க் பென்சிலால் போட்டார். பென்சில் யார் கையிலோ ராஜ்யம் அவர் கையில். கண்டக்டராக இருந்தபோது ஒருமுறை, பஸ் கதவு சரியாக மூடுவதில்லை என்று மைக் அக்கா புகார் எழுதிக்கொடுத்தாள். மறுவாரத்திலிருந்து மூன்று மாதம் அவளுக்கு ஸ்ப்ளிட் டியூட்டி. காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம், நடுவில் டெப்போ பெஞ்சு. அப்போது மகளுக்கு மூன்று வயது. அந்த மூன்று மாதமும் பிள்ளையை அவள் தூங்குகிற முகமாகத்தான் பார்த்தாள். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

பென்சிலுக்கு முடிவு கட்டியவர் பேட்டரி அண்ணன். டெப்போவில் பேட்டரி சார்ஜ் போடுகிற வேலை அவருக்கு. சார்ஜ் ஏறும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைத் தானே படித்து, நாலு வருடத்தில் துண்டு துண்டாக ஒரு புரோகிராம் எழுதினார். அது யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று கேட்காது. சார்ட் போடும், அவ்வளவுதான். அவர் ரிட்டயராகி மகள் வீட்டோடு போனபிறகு, விதி மாறும்போதெல்லாம் மைக் அக்காவே அந்த வரிகளைப் படித்துப் படித்துத் திருத்தினாள். முதல் திருத்தத்துக்கு மூன்று நாள் ஆனது. ஐந்தாவது திருத்தத்துக்கு மூன்று மணி நேரம்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு திங்கட்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து புது கம்ப்யூட்டர்கள் பெட்டியில் வந்து இறங்கின. பழையதை வெள்ளிக்கிழமை எடுத்துப்போவார்கள் என்று கூடவே ஒரு கடிதம்.

மைக் அக்கா புரோகிராமைப் பென் டிரைவில் எடுத்துப் புதுசில் போட்டு ஓட்டினாள். ஓடவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. இன்னது இல்லை, அதனால் ஓட மாட்டேன் என்றது.

டெப்போ மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "அது நாங்க குடுத்த புரோகிராம் இல்ல சார். ஓடலைன்னா பேப்பர்ல போடுங்க. அடுத்த வருஷம் எல்லா டெப்போவுக்கும் நாங்களே ஒண்ணு கொண்டுவர்றோம்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவர். பக்கத்து மேஜையில் ஹெட் கிளார்க் டிராயரைத் திறந்து பென்சில் டப்பாவை வெளியே எடுத்து வைத்தார். "கவலைப்படாதீங்க சார். கைப்பழக்கம் எங்க போயிடும்? நான் பாத்துக்கறேன்."

டப்பா மேஜையில் பட்ட சத்தம் கேட்டு, கவுன்ட்டர் பக்கம் நின்ற நாலு டிரைவர்களும் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

மைக் அக்கா எழுந்து மேனேஜர் காதருகே போய்ச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். அதுக்குள்ள ஓடலைன்னா பென்சிலை நானே சீவித் தர்றேன்."

செவ்வாய்க்கிழமை வேலையை ஆரம்பித்தாள். பேட்டரி அண்ணன் எல்லாவற்றையும் தானே எழுதவில்லை. எக்செல் ஃபைலைப் படிக்க ஒருத்தர் எழுதிய லைப்ரரி, சார்ட்டை அச்சடிக்க இன்னொருத்தர் எழுதிய லைப்ரரி என்று உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்ததை இரவல் வாங்கியிருந்தார். அந்த லைப்ரரிகளும் வேறு லைப்ரரிகளை இரவல் வாங்கியிருந்தன. புது கம்ப்யூட்டரில் இது எதுவுமே இல்லை. அதற்கு முன் அவள் போட்டிருந்த திருத்தமெல்லாம் புரோகிராமுக்குள்ளே. இந்த வெளிச் சமாச்சாரத்தை அவள் தொட்டதே இல்லை.

பழைய கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தாள். அறுபத்தொரு வரி வந்தது. அதே வெர்ஷனில் அதே அறுபத்தொன்றையும் புதுசில் போடப்போனால், இது ரொம்பப் பழசு, எனக்கு ஆகாது என்று சிலவற்றைப் புதுசு தள்ளிவிட்டது. சரி, புது வெர்ஷனாகவே போடுவோம் என்று எக்செல் லைப்ரரியைப் போட்டாள். அச்சு லைப்ரரி படுத்துக்கொண்டது. அதைச் சரி செய்தால் எக்செல் படுத்தது. இரண்டுமே மூன்றாவதாக ஒரு லைப்ரரியை நம்பியிருந்தன. ஒன்றுக்கு அதன் புதுசு வேண்டும், இன்னொன்றுக்குப் பழசுதான் வேண்டும். தலைக்குப் போர்த்தினால் கால் தெரிகிறது, காலுக்கு இழுத்தால் தலை தெரிகிறது.

பேட்டரி அண்ணனுக்கு போன் போட்டாள். அவருக்கு வயதில் காது மந்தம். இவளுக்கோ குரல் கிடையாது.

"யாருங்க? ஹலோ! பேசுங்க! ஒரே காத்துதான் வருது!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

மெசேஜ் அனுப்பினாள். அரை மணி நேரம் கழித்து பதில் வந்தது. "எது எதைப் போட்டேன்னு எழுதி வைக்கலம்மா. அது கேட்டுச்சு, நான் போட்டேன். தப்புதான்."

பிறகு அவள் புரோகிராமின் தலைப்பக்க வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அண்ணன் நேரடியாகக் கூப்பிட்டிருந்தது ஆறே ஆறு லைப்ரரியை. மிச்சம் ஐம்பத்தைந்தும் அந்த ஆறோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. விருந்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டால் அறுபத்தொரு இலை போடவேண்டிய கதை.

தன்னைப்போல மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் இல்லாமலா இருப்பார்கள்? சாப்பாட்டு நேரத்தில் தன் போனில் தேடினாள். பொயட்ரி என்று ஒரு கருவி இருந்தது. ஆறு பெயரை மட்டும் சொன்னால் போதும். யாருக்கு யார் வேண்டும், எந்த வெர்ஷனில் வேண்டும் என்று அதுவே கணக்குப் பார்க்கும். ஒத்துவந்த பட்டியலை ஒரு ஃபைலில் எழுதிப் பூட்டி வைக்கும். அந்த ஃபைல் இருந்தால், வேறு கம்ப்யூட்டரிலும் அதே சரக்கை அதே வெர்ஷனில் இறக்கிவிடலாம். ஒரு புரோகிராமின் சாமான் இன்னொன்றின் சாமானோடு கலக்காமல் தனி அறையும் கொடுக்கும்.

சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"பொயட்ரின்னா கவிதைதானே? பஸ் டெப்போல கவிதைக்கு என்ன வேலை?"

"ஒண்ணோட ஒண்ணு சேரலைன்னா அது சொல்லிடுமாம்."

"அப்படியா? நம்ம ரெண்டு பேரையும் சேர்க்கறதுக்கு முன்னாடி அது இருந்திருக்கலாம்" என்றார். கரண்டி பறந்து வரும் முன் பாத்ரூமுக்குள் போய்விட்டார்.

கருவி இருக்கிறது, சரி. ஆனால் டெப்போ கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து எதையும் இறக்க முடியாது, தலைமை அலுவலகம் பூட்டு போட்டிருந்தது. செவ்வாயன்று அவள் போட்டுப் பார்த்த லைப்ரரிகளுக்கு மட்டும் பழைய அனுமதி ஒன்று இருந்தது. அதனால் புதன்கிழமை லீவு எழுதிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறி நேரே தலைமை அலுவலகத்துக்கே போனாள்.

கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு சின்ன ஓட்டை. அவள் பேசியது அந்த ஓட்டைக்குள் போய்ச் சேரவே இல்லை.

"அம்மா! உங்களுக்குக் காது கேக்குமா?" என்று அதிகாரி கூரை அதிரக் கத்தினார்.

மைக் அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். 'காது நல்லா கேக்கும். குரல்தான் இல்ல. நீங்க கத்தாதீங்க.'

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி காது சிவக்க வெளியே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கண்டதையும் இறக்கி வச்சீங்கன்னா நாளைக்கு யாரும்மா பொறுப்பு?"

அவள் அறுபத்தொரு வரிப் பட்டியலை அவர் முன்னே விரித்தாள். "இப்ப இருக்கறதுக்கு யார் சார் பொறுப்பு? இதுல எது எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதினவருக்கே தெரியல. எது, எந்த வெர்ஷன்னு எழுதி வைக்கிற கருவியைத்தான் நான் கேக்கறேன்."

அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடியும் படித்தார். "இறக்கறதுக்கு ரெண்டு நாள் அனுமதி தர்றேன். உங்க டெப்போவுக்கு மட்டும். வெள்ளிக்கிழமை நானே வந்து பாப்பேன்."

வியாழன் காலை பத்து மணிக்கு, வண்டிகள் எல்லாம் வெளியே போன பிறகு, கருவியை நிறுவ ஆரம்பித்தாள். அதன் இணையப் பக்கத்தில் சொல்லியிருந்த வரியை ஒரு எழுத்து பிசகாமல் அடித்தாள். ஏதேதோ ஓடி, முடிந்தது என்றது. கருவியின் பெயரை அடித்துப் பார்த்தாள். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது கம்ப்யூட்டர்.

ஹெட் கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

அவள் பதறாமல் மேலே போய், ஓடி மறைந்த வரிகளை முதலிலிருந்து படித்தாள். கடைசியில் தெளிவாகவே சொல்லியிருந்தது. 'நான் இன்ன ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த விலாசத்தை கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடு.' பதினாறு வருடம் போர்டைப் படிக்காமல் ஏறினவர்களை அவள் திட்டாத திட்டா! தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். விலாசத்தைச் சேர்த்து, திரையில் கட்டளை அடிக்கிற ஜன்னலை மூடித் திறந்து, மறுபடி அடித்தாள். கருவி தன் வெர்ஷன் எண்ணைச் சொன்னது.

ஆறு பெயரையும் கொடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முடியாது என்றது. ஆனால் இந்தத் தடவை ஏன் முடியாது என்றும் சொன்னது. அச்சு லைப்ரரிக்கு இன்னது வேண்டும், எக்செல் லைப்ரரியின் இந்த வெர்ஷனுக்கு அது ஆகாது, ஆகையால் சேராது. மூன்று தடவை படித்தாள். எக்செல் லைப்ரரியில் ஒரு படி பழையதைக் கேட்டாள். பச்சை எழுத்துகள் வரிசையாக இறங்கின. புரோகிராமை ஓட்டினாள். பிரிண்டரிலிருந்து சார்ட் வந்தது!

அவள் அப்போதும் சிரிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரிலும் அதே நாளுக்கு ஒரு சார்ட் எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். இருநூற்றுப்பத்தில் நாலு பேருக்கு வார ஓய்வு காணாமல் போயிருந்தது. எக்செல் தாளில் காலியாக விட்ட கட்டத்தைப் புது கம்ப்யூட்டரின் லைப்ரரி வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடம் எது என்று தேடிப் பிடிக்க மதியச் சாப்பாடு பலியானது. திருத்தியது ஒரே ஒரு வரி. திரும்பவும் இருநூற்றுப்பத்து வரியையும் ஒத்துப் பார்த்தாள். ஒரு எழுத்து மாறவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். சார்ட்டைப் பார்த்தார். "இதுல ஓடுது, சரி. நாளைக்கு இந்த மெஷின் படுத்துட்டா? திரும்ப நாலு நாளா?"

"எந்த மெஷின்ல வேணும்னு சொல்லுங்க சார்."

அவர் மேனேஜர் மேஜையில் இருந்த இன்னொரு புது கம்ப்யூட்டரைக் காட்டினார். அக்கா அதில் முதலில் கருவியைப் போட்டாள். இந்தமுறை விலாசத்தை மறக்கவில்லை. பிறகு புரோகிராமையும் பூட்டிய பட்டியலையும் பென் டிரைவிலிருந்து இறக்கி, நிறுவு என்று ஒரே கட்டளை அடித்தாள். வெளியே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்து முடிப்பதற்குள் எல்லாம் இறங்கிவிட்டது. மேனேஜர் பிரிண்டரிலிருந்து சார்ட்டைத் தானே உருவினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்" என்றாள். நாற்காலியில் சாய்ந்தபோதுதான் கழுத்து எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது.

ஹெட் கிளார்க் விடவில்லை. "மெஷினுக்கு மனுஷனைத் தெரியுமா? யாருக்கு என்ன கஷ்டம்னு அதுக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுங்க. மனுஷனைத் தெரிஞ்சவங்க கையில நான் மூணு மாசம் இருந்திருக்கேன்" என்றாள் மைக் அக்கா. அந்தக் குரலே அறைக் கோடிவரை கேட்டது. அவர் பென்சில் டப்பாவை எடுத்து டிராயருக்குள் வைத்தார். அடுத்த மாதம் லீவு செக்‌ஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பழைய கம்ப்யூட்டரை அன்றே தள்ளுவண்டியில் வைத்து எடுத்துப் போனார்கள்.

அதிகாரி போகும்போது, அவள் செய்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொடுத்தாள். முதல் வரி: 'கடைசியில் வருவதைப் படிக்காமல் ஜன்னலை மூடாதீர்கள்.'

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. இன்னும் பதினொரு டெப்போக்களில் அதே புரோகிராமைப் போட்டுத் தரவேண்டும், செவ்வாய்தோறும் அவளுக்கு அதுதான் டியூட்டி. இதுவரை ஆறு முடிந்திருக்கிறது. இரண்டு இடத்தில் நாற்காலிகூடக் கொடுக்கவில்லை. ஓரிடத்தில் பெண் கண்டக்டர்கள் ஏழு பேர் கவுன்ட்டருக்கு வெளியே வரிசையாக நின்று, அச்சான முதல் சார்ட்டைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள்.

இந்தச் செவ்வாய் ஏழாவது டெப்போ. அங்கிருந்த கம்ப்யூட்டரில் பைத்தானே பழசு. பூட்டிய பட்டியலை அது ஏற்கவில்லை. டியூட்டி கிளார்க் கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான் சொன்னேனே, இங்க இதெல்லாம் சரிப்படாதுன்னு" என்றார்.

மைக் அக்கா பையை மேஜைக்கு அடியில் தள்ளினாள். "சரிப்படுமா, படாதான்னு மத்தியானம் சொல்றேங்க. இப்ப கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, முதல் சிவப்பு வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.