ஆறரை மணிக்கு மேல் அணி இல்லை

என் மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகளிடம் கனடாவுக்குப் போன பிறகுதான், கடையில் வேலை பார்க்கிறவர்களை ஓர் அணியாக ஆக்கிவிட வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் என் கடை. வருகிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, முட்டை, சோப்பு என்று கப்பல் சமையல்காரர் கேட்பதையெல்லாம் சேர்த்து ஏற்றிக் கொடுக்கிற தொழில். சரக்கு இறங்கி முடிந்தால் கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் எங்கள் சாமான் உள்ளே போயிருக்க வேண்டும். நாங்கள் நாலு பேர். சந்தையில் வாங்கிப் போட ஒருவர், லோடு ஆட்டோ ஓட்ட ஒருவர், பில் போடவும் கப்பல்காரர்களோடு போனில் பேசவும் ஒரு பெண், பிறகு நான். அந்தப் பெண்தான் கடைக்கு உயிர். எந்த நாட்டுச் சமையல்காரராக இருந்தாலும் 'யெஸ் குக், ஓகே குக்' என்று சொல்லியே, வாழைப்பழம் எந்தப் பக்குவத்தில் வேண்டும் என்பது வரைக்கும் கறந்துவிடுவார். எனக்கு அந்த இங்கிலீஷ் வராது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

படிக்காததற்குப் பதிலாக எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் பேசினாலும் காதைக் கொடுத்துவிடுவேன். நல்ல சொல் ஒன்று விழுந்தால் அதை மிட்டாய் மாதிரி நாள் முழுக்க வாயில் அதக்கிக்கொண்டு திரிவேன். வியாபாரிகளுக்காக ஓட்டலில் நடந்த ஒரு கூட்டத்தில் எனக்கு அப்படி ஒரு சொல் கிடைத்தது. ஜெயிக்கிற விளையாட்டு அணிகளிடம் கம்பெனிகள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்பது பேச்சு. டை கட்டிய ஒருவர் மைக்கும் கையுமாக மேடையில் நடந்துகொண்டே பேசினார். "உங்கள் அணிதான் உங்கள் இன்னொரு குடும்பம்" என்றார். திரையில் படம் படமாக ஓட்டிக் காட்டிய மற்றதெல்லாம் மறந்துபோனது. குடும்பம் என்ற சொல் மட்டும் என்னோடு கடைக்கு வந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு, கடை மூடுகிற நேரத்தில், எல்லோரையும் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வட்டமாக நிற்கவைத்தேன். கை மேல் கை வைக்கச் சொன்னேன். டிவியில் கிரிக்கெட்காரர்கள் செய்வார்களே, அப்படி.

"அண்ணாச்சி, கையெல்லாம் பெருங்காய வாசம் அடிக்கி" என்றார் லோடு ஆட்டோக்காரர்.

"ஏல, பேசாம வையி. முதலாளி கப்பு வாங்கணும்லா" என்றார் சந்தைக்குப் போகிறவர்.

சிரித்தோம். டீ வந்தது, வடை வந்தது. அன்றைக்கு என்ன நன்றாகச் செய்தோம், எதைக் கோட்டைவிட்டோம் என்று ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பேசியதெல்லாம் நான்தான். என் கல்யாணக் கதை வரைக்கும் போய்விட்டேன். மணி எட்டு. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் படுத்தேன், தூங்கிவிட்டேன். மனைவி போனதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

பிறகென்ன, தினமும் நடந்தது. ஒருநாள் கை மேல் கை வைத்திருக்கும்போது போன் அடித்தது. அந்தப் பெண் நகரப் பார்த்தார். "பிறகு பாப்போம்மா, முதல்ல டீமு" என்றேன். கூப்பிட்டது கப்பல் சமையல்காரர். இஞ்சி சொல்ல மறந்துவிட்டாராம். திரும்பக் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. காலையில் கப்பல் போய்விட்டது.

"இஞ்சி இல்லாமலே போயிட்டான் அண்ணாச்சி. ஆனா நம்ம ஒத்துமை நல்லாருக்கு" என்றார் லோடு ஆட்டோக்காரர். அதையும் நல்ல சொல்லாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"வார ஒண்ணாந் தேதியில இருந்து நான் வரல அண்ணாச்சி."

"ஏம்மா? சம்பளமா?"

"அதெல்லாம் இல்ல."

"யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. வீட்டுல தோதுப்படல, அவ்வளவுதான்."

கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர், அன்று பில் மெஷினைப் பார்த்தே பேசினார். அவர் போய்விட்டால் கப்பல்காரர்களுக்கு என் கடை வெறும் போன் நம்பர்தான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தோன்றியது வியாபாரம் அல்ல. நாலு கையில் ஒரு கை குறையும் என்பதுதான்.

லோடு ஆட்டோக்காரர், பக்கத்துக் கடலோர ஊரான தருவைகுளத்துக்காரர். அந்த ஊர் வாலிபால் அணியில் அவர்தான் லிஃப்டர், அதாவது அடிக்கிறவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற ஆள். அந்த அணி போகிற இடமெல்லாம் ஜெயித்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது, அன்றுதான் மேட்ச். அந்த ஞாயிறு எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜெயிக்கிற அணியைப் பக்கத்தில் பார்த்தால் என் கடைக்கு ஒரு வழி கிடைக்கும், ஆட்டம் முடிந்ததும் எல்லோரோடும் உட்கார்ந்து தின்னலாம் என்ற எண்ணம்.

நல்ல ஆட்டம். எனக்குப் பிடித்தது அடி அல்ல, சத்தம். பந்து வரும்போது ஒருவர் 'எனக்கு' என்று கத்துவார், மற்ற ஐந்து பேரும் விலகிக்கொள்வார்கள். பந்து கோட்டுக்கு வெளியே போகிறது என்று பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் 'விடு' என்பார். முன்னால் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நீட்டிய கையை மடக்கிக்கொள்வார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. நம் லிஃப்டர் தூக்கிக் கொடுக்க, நெட்டையான ஒருவர் எகிறி அடித்த பந்துகளில்தான் ஜெயித்தார்கள்.

டப்பாவைத் திறந்துகொண்டு நான் எழுந்தேன். அதற்குள் மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. ஒருவர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இருவர் விடியற்காலை கடலுக்குப் போகப் படகில் ஐஸ் ஏற்ற வேண்டும் என்று ஓடினார்கள். நெட்டையானவர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். மிஞ்சியது லிஃப்டரும் நானும்.

"என்னப்பா, ஜெயிச்சிருக்கீங்க. எல்லாரும் சேந்து உக்காந்து பேச மாட்டீங்களா?"

"என்னத்தப் பேச அண்ணாச்சி?" அவர் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அந்த நெட்டையன் இருக்கான்லா, அவன்கிட்ட நான் பேசியே வருசக்கணக்காச்சு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சுவர்த் தகராறு."

"பேசாமலா இப்படித் தூக்கிக் கொடுக்க?"

"கோட்டுக்குள்ள பேசுவோம். எனக்கு, விடு. அதுக்குச் சுவரு குறுக்க நிக்காதுல்லா. வெளிய வந்தா அவன் வீட்டுக்கு அவன், என் வீட்டுக்கு நான். இப்படி விட்டுத்தான் அண்ணாச்சி நாங்க டீமா இருக்கோம். உக்காந்து பேசச் சொன்னா அன்னைக்கே ஒடஞ்சிரும்."

கடல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. அவர் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டீங்களே? நம்ம கடையில பில்லு போடுத அக்கா எங்க அடுத்த தெருதான். வீட்டுக்காரர் குவைத்துல. மூணாங்கிளாஸ் படிக்கிற புள்ள டியூசன் முடிஞ்சு வந்து, பூட்டுன வீட்டு வாசல்ல உக்காந்திருக்கு. முன்னாடி அக்கா ஏழே கால் பஸ்ஸுல வந்துருவாங்க. இப்ப ஒம்பது ஆயிருது. உங்ககிட்டச் சொல்ல அவங்களுக்குச் சங்கடம். அண்ணாச்சி தனியா இருக்காருல்லா, பாவம்னு எல்லாரும் நிக்கோம்."

பாவம் என்ற அந்தச் சொல்லை நான் வாயில் போட்டு அதக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பூட்டிய வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். பூட்டிய வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அந்தப் பிள்ளை மூணாங்கிளாஸ்.

திங்கள் ஆறரைக்கு நானே எழுந்து ஷட்டரை இழுத்தேன். மூவரும் பழக்கத்தில் வெங்காய மூட்டைப் பக்கம் போய் நின்றார்கள்.

"இன்னைக்குக் கை வைக்கலியா அண்ணாச்சி?" என்றார் சந்தைக்குப் போகிறவர்.

"மேட்ச் முடிஞ்சு போச்சுல்லா. அவங்கவங்க வீட்டப் பாத்துப் போங்க. நாளைக்கும் இதே நேரந்தான், என்னைக்கும் இதே நேரந்தான்."

லிஃப்டர் சாவிக்கொத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார். மீதி மக்ரூன் டப்பாவை நீட்டினேன்.

"புள்ளைக்கும்மா."

வாங்கிக்கொண்டு படியிறங்கினார். சாலையில் நாலடி நடந்தவர் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒண்ணாந் தேதி மரம் ஏத்துன கப்பல் ஒண்ணு வருது. அந்தக் குக்கு காரம் கேப்பான். நீங்க பேசிராதீங்க, அது எனக்கு."

தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் வந்து அவர் ஏறும்வரை கடை வாசலில் நின்றேன். மற்ற இருவரும் அதற்குள் போயிருந்தார்கள். நல்ல அணி, சீக்கிரம் கலைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வாசல் விளக்கு, கூடம், அடுப்படி என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன். அங்கே காலை. பேத்தி பின்னால் எதற்கோ அழுதுகொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்நேரமே வீட்டுக்கு வந்துட்டீங்க? உடம்புக்கு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கேன். கடை ஆறரைக்கு மூடியாச்சு."

"சரி, புள்ளையப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து பேசுதேன். சாப்பிடுங்க."

போனை மேசையில் வைத்துவிட்டு அரிசியைக் களைந்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்பது அன்றைக்கும் பிடிபடவில்லை. இரண்டு ஆளுக்கே வைத்தேன்.