குறுக்கே ஆடிய கை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே நிற்பவரின் குரல் கேட்காது. கைதான் தெரியும். விரல் மேல்நோக்கிச் சுற்றினால் தூக்கு, கீழ்நோக்கிச் சுற்றினால் இறக்கு. கையை நீட்டிக் குறுக்கே ஆட்டினால் நிறுத்து. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டை சுமந்து, மெல்ல மெல்ல கிரேனின் கூண்டுக்கு ஏறியவன் நான். யாரிடமும் அதிகம் பேசத் தெரியாத எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

எனக்குக் கை காட்டியவர் ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர். ஒரு நாள் கப்பலிலிருந்து மரக்கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் கையைக் குறுக்கே ஆட்டினார். ஒரு கட்டை கயிற்றுப் பிடியிலிருந்து நழுவி அவர்மேல் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னால் கூண்டில் ஏற முடியவில்லை. ஏணியைத் தொட்டாலே கை விறைத்துக்கொள்ளும். தெருவில் யாரோ பஸ்ஸுக்குக் கை காட்டினாலும் நடப்பதை விட்டு நின்றுவிடுவேன். விசாரணையில் என்மேல் குற்றமில்லை என்றார்கள். நான் நேரத்தில் நிறுத்தவில்லை என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. மாதம் முடிவதற்குள் துறைமுக மருத்துவரிடம் போய், மறுபடி கூண்டில் ஏறுவேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கிடங்குக் காவலுக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் கூண்டு கிடையாது.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. கடலோரக் குப்பத்து ஜனங்களுக்காக மாதா கோயில் கூடத்தில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் அம்மா வந்து உட்காருவார். கண்ணை அசைக்கவைத்தே பயத்தைக் குறைக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். என் மனைவி என்னைக் கிளப்பினாள்.

“புள்ளைய கடலுக்குக் குடுத்தவங்க குந்திகினு கீறாங்க. நான் போயி இன்னான்னு சொல்றது?” என்றேன்.

“தூக்கத்துல என் கையத்தான் புடிச்சி முறுக்குற. எனக்கு வலிக்காதா? வாய்யா.”

அந்த அம்மா முதல் நாள் தூக்கத்தைப் பற்றியும், எதை நினைத்தால் மனசு அடங்குகிறது என்றும்தான் கேட்டார். அடுத்த முறை, எந்தக் காட்சி விடாமல் வருகிறது என்றார். கை என்றேன். அதை நினைத்தபடி, தலையைத் திருப்பாமல், தன் விரல்களைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். இரண்டு விரல்களை என் முகத்துக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினார்.

லீவரைப் பிடிக்கும் என் வலது கை மடியில் இறுகிக்கொண்டது. அவர் நிறுத்திவிட்டு, “இப்ப என்ன வருதுண்ணா?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி ஆட்டினார். மறுபடி ஒன்றுமில்லை என்றேன். அடுத்த வாரமும் அப்படியே.

“உங்களுக்கு இது ஒத்துவரலையோ?” என்றவர், என்னைக் கேட்டுக்கொண்டு, வாசலில் இருந்த என் மனைவியை உள்ளே கூப்பிட்டார். விரல்களை ஆட்டிக் காட்டியதும் அவள் சிரித்துவிட்டாள்.

“இன்னாம்மா நீ. கைய குறுக்கால ஆட்டுனா ஆர்பர்ல நிறுத்துன்னு அர்த்தம். இவரு பிரேக் போட்டுகினு குந்திகினு கீறாரு. நீ ஆட்ட ஆட்ட நிறுத்திகினேதான் இருப்பாரு.”

அவரும் சிரித்தார். பிறகு முகம் மாறி என்னைப் பார்த்தார். “அவர் கடைசியா காட்டுனதும் இதுதானாண்ணா?”

தலையாட்டினேன்.

விரல்களை மடக்கிக்கொண்டார். “எந்தப் பக்கம் ஆட்டுனா அங்க அர்த்தம் கிடையாது?”

யோசித்தேன். “மூலைக்கு மூலை,” என்றேன்.

அன்றிலிருந்து அவர் விரல் என் தோள் பக்கத்திலிருந்து எதிர்ப்புற நெற்றிக்குச் சாய்வாக ஏறி இறங்கியது. அப்போதுதான் மற்றவை வர ஆரம்பித்தன. முதலில் கட்டை விழுந்த சத்தம். அழுதேன். “அதோடயே போங்க,” என்று மட்டும் சொல்வார். பிறகு வெறும் கையாக இருந்தவருக்கு முகம் வந்தது, காதில் செருகிய பீடி வந்தது. கடைசியில் ஒரு நாள் என் கையே வந்தது. லீவர் நிறுத்தும் இடத்தில், நடுவில் நின்றிருந்தது. கொக்கி நின்றிருந்தது. அதற்குப் பிறகுதான் கட்டை நழுவியது.

“நான் நிறுத்திட்டுதாம்மா இருந்தேன்.”

அவர் விரல் மறுபடி ஏறியது.

மருத்துவரிடம் போய், கூண்டில் ஏறுவேன் என்றேன். முதல் நாள் ஏணியின் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். கை காட்டப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். மதியத்துக்குள் அவரும் கையைக் குறுக்கே ஆட்டினார். நிறுத்தினேன். சுமை ஆடி ஓய்ந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்; இறக்கச் சொல்லிச் சுற்றிய விரலை உடனே கவனிக்கவில்லை. இரண்டாம் முறை சுற்றியபோதுதான் இறக்கினேன்.

டீக்கடையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னா மாமு, மேல தூங்கிட்டியா? கைய சுத்தினே கீறேன்.”

“பாத்துகினு இருந்தேன்.”

“இன்னாத்த?”

“உன்னத்தான்,” என்றேன்.