முதுகுக்குப் பின்னால் உலகக் கிண்ணம்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் என் முச்சக்கரவண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர், முன்கண்ணாடியோரம் தொங்கும் அடையாள அட்டையைக் கவனித்துவிடுவார்கள். கட்டாரில் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் நான் வேலை செய்ததற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அது. உடனே கேள்வி வரும், மெட்செல்லாம் நேரில் பார்த்தீர்களா என்று. ஒன்றுகூடப் பார்க்கவில்லை என்பேன். சிரிப்பார்கள். போன மாதம் ஏறிய ஒரு கனவான் சிரித்ததோடு நிற்கவில்லை. அப்படியென்றால் இந்த அட்டையை எதற்குத் தொங்கவிட்டிருக்கிறாய் என்று கேட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். பேராதனைக்குப் போகவேண்டிய மனுஷனைப் பாதி வழியில் கெட்டம்பேயிலேயே இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு மனதை மாற்றிக்கொண்டு, பேராதனை வரும்வரைக்கும் நடந்ததைச் சொன்னேன். இறங்கும்போது கை கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் கூடுதலாக.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். நாடு முழுவதும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்தபோது எங்கள் தோட்டத்தில் உதைபந்துதான். தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே ஒரு சின்ன மைதானம். கொஞ்சம் ஓங்கி அடித்தால் பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விடும். அடித்தவன்தான் இறங்கி எடுத்து வரவேண்டும் என்பது சட்டம். அதனாலேயே நாங்கள் பந்தைத் தரையோடு தரையாக ஆடப் பழகினோம். நான் இடது பக்கம் ஓடுகிறவன். கம்பளையிலிருந்து வந்த அணிகளெல்லாம் என் இடது காலைக் கண்டால் இரண்டு பேரைக் காவல் போடுவார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மை அதுதான்.

கட்டாருக்குப் போனது பந்து ஆட இல்லை. கடைத்தொகுதி ஒன்றின் வாசலில் காவல்காரனாக நிற்கத்தான் போனேன். இரண்டு வருடம் நின்றேன். உலகக் கிண்ணம் நெருங்கியபோது எங்கள் கம்பனியிலிருந்து மைதான வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் வாய் சும்மா இருக்கவில்லை, நானும் ஊரில் ஆடியவன்தான் என்று உளறிவிட்டேன். எங்களுக்குத் தலைவராக இருந்த நேபாளத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பந்து தெரியாதவனை நம்பலாம், உன்னைத்தான் நம்ப முடியாது என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது பயிற்சியில்தான் விளங்கியது. மைதான ஓரத்தில் நிற்கிற காவல்காரன் மைதானத்தைப் பார்க்கக் கூடாது. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதிரைகளில் இருக்கும் சனத்தைத்தான் பார்க்கவேண்டும். யாராவது எதையாவது எறிகிறார்களா, தடுப்பைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்களா, யாருக்காவது மயக்கம் வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கவேண்டும். பின்னால் என்ன நடந்தாலும் திரும்பக் கூடாது. திரும்பினால் அடுத்த நாளே வாகனத் தரிப்பிடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

பயிற்சியின் கடைசி நாள் எங்களை வரிசையாக நிறுத்திவிட்டு, எங்கள் முதுகுப்பக்கம் பெரிய திரையில் ஒரு பழைய ஆட்டத்தைச் சத்தமாகப் போட்டார்கள். கோல் விழுந்த சத்தம் கேட்டதும் அரைவாசிப் பேர் திரும்பிவிட்டார்கள். முதலில் திரும்பியவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. நேபாளத்துக்காரர் ஒன்றும் திட்டவில்லை, என் இலக்கத்தை மட்டும் கொப்பியில் குறித்துக்கொண்டார். இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தால் இந்த அட்டை உன் கழுத்தில் இருக்காது என்றார். அன்று எனக்குள் ஒரு வீம்பு ஏறிவிட்டது. யார் தலைகீழாக நின்றாலும் இனி என்னைத் திருப்ப முடியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்படி வீம்பு பிடித்தவனை அசைத்துப் பார்த்தது அம்மாதான்.

எனக்குக் கிடைத்த முதல் ஆட்டம் ஆர்ஜென்டீனாவுக்கும் சவூதிக்கும். செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி பின்னேரம் மூன்றரைக்கு. தொலைக்காட்சியில் தெரிகிற எதிர்ப்பக்க ஓரத்தில்தான் எனக்கு இடம் என்று அம்மாவுக்குப் போனில் சொன்னேன். சந்தோஷத்தில் அம்மா அன்றைக்கே எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர். நல்ல மனுஷிதான், ஆனால் வாய் மட்டும் நீளம். கக்கூஸ் கழுவுகிறவனும் மைதானத்தில் வேலை என்றுதான் வீட்டுக்குச் சொல்லுவான் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். கழுவுகிற வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. என்னோடு ஒரே அறையில் இருந்த இரண்டு பேர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் என் அம்மாவை ஒருத்தர் பொய்க்காரி ஆக்கினால் எனக்குப் பொறுக்காது.

ஆட்டத்துக்கு முதல் நாள் அம்மா போன் எடுத்தார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“எங்க வீட்டு டி.வி.லதான் எல்லாரும் பாக்க வர்றாங்க. ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்புப்பா. மூஞ்சி தெரிஞ்சா போதும், அவ வாய அடச்சிருவேன்.”

திரும்பினால் இடத்தை மாற்றிவிடுவார்கள் என்று விளக்கினேன். அம்மா கேட்கிற மாதிரி இல்லை. கண் மூடித் திறக்கிற நேரம்தானே, அத்தனை ஆயிரம் பேருக்குள் யார் உன்னைக் கவனிக்கப் போகிறார்கள் என்றார். இரண்டு வருடமாக என் முகத்தைப் போனில் மட்டுமே பார்த்த அம்மா. முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. பார்ப்போம் என்றேன். அந்த ஒரு வார்த்தையை ஏன் சொன்னேன் என்று இரவெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன். அதே மைதானத்தில்தான் இறுதிப் போட்டியும். ஒரு தரம் திரும்பினால் அதுவும் போய்விடும்.

மறுநாள் வெயிலில் போய் நின்றேன். எனக்கு இடது கைப்பக்கம் நின்றவன் கம்பளையிலிருந்து வந்த ஒரு தம்பி, முஸ்லிம் பையன், சரியான பந்துப் பைத்தியம். எனக்கு முன்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் பச்சை உடுப்புப் போட்ட சவூதிக்காரர்கள். இடையிடையே வெள்ளையும் நீலமுமாக ஆர்ஜென்டீனாக்காரர்கள். நேர் எதிரே ஒரு தடித்த மனுஷன், பச்சைச் சால்வையின் நுனியை வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தார். இரண்டு கதிரை தள்ளி, கன்னத்தில் நீலச் சாயம் பூசிய ஒரு பெண்.

ஆட்டம் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று தெரிய வந்தது. பந்தைப் பார்க்காமலே ஆட்டத்தைப் பார்க்கலாம். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கண்கள் போகும். தடித்த மனுஷன் மெல்லுவதை நிறுத்தினால் ஆர்ஜென்டீனா கோல் கம்பத்துக்கு அருகில் வந்துவிட்டது என்று அர்த்தம். பத்தாவது நிமிடத்தில் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள், நீலக் கன்னத்துப் பெண் மட்டும் இரண்டு கையையும் கோத்துக் கும்பிட்டாள். பெனால்டி என்று விளங்கிவிட்டது. அடுத்த நொடி அவள் துள்ளிக் குதித்தாள். அதன் பிறகு அந்தப் பாதியில் மூன்று தரம் அவள் எழும்பிக் கத்தினாள், மூன்று தரமும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தடித்த மனுஷன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்று கோலும் ஓஃப்சைட் என்று செல்லாமல் போயிருக்கின்றன. இடது பக்கம் ஓடுகிறவனுக்கு அது சொல்லித் தரவா வேண்டும்?

இடைவேளையில் மணியைப் பார்த்தேன். ஊரில் பறித்த கொழுந்தை நிறுத்து முடிகிற நேரம். அம்மா இப்போது கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் வீட்டுக்கு ஓடி வந்திருப்பார். வீட்டுக்குள் கால் வைக்க இடமிருக்காது. அக்கா முன்வரிசையில் குந்தியிருப்பார். இனித்தான் எனக்குச் சோதனை என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். முன்னால் இருந்த பச்சை எல்லாம் ஒரேயடியாக எழும்பியது. அப்படி ஒரு சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை, கால் பெருவிரல் வரைக்கும் அதிர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மறுபடியும் முகங்கள் மாறின. தடித்த மனுஷனின் வாயிலிருந்து சால்வை நழுவியது. எல்லாக் கண்களும் என் தலைக்கு மேலால் ஒரே இடத்தில் குத்தி நின்றன. யாரோ ஒருத்தன் பந்தோடு ஒருவன், இருவர் என்று வெட்டிக்கொண்டு வருகிறான் என்று தெரிந்தது. உலகமே பார்க்கப் போகிற கோல் என் முதுகுக்குப் பின்னால் விழப்போகிறது. திரும்பினால் அதையும் பார்க்கலாம், அம்மாவும் என்னைப் பார்ப்பார். ஒரே ஒரு செக்கன்.

கோல் விழுந்தது. சனம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஆட்டக்காரர்கள் எங்கள் பக்கமாகவே ஓடி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. கடைக்கண்ணில் கம்பளைத் தம்பி திரும்புவது தெரிந்தது, அவனுக்கு அந்தப்பக்கம் நின்றவர்களும் திரும்பினார்கள். கமரா எங்களைத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து இளவட்டம் ஒன்று தடுப்பில் காலைத் தூக்கி வைத்தது. கையை நீட்டி, இறங்கச் சொன்னேன். இறங்கிவிட்டான். நான் திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, அதை ஒளிக்க விரும்பவில்லை. அம்மாவுக்காக ஒன்று, அந்தக் கோலுக்காக ஒன்று.

இரண்டுக்கு ஒன்று என்று சவூதி வென்றது. அந்தக் கிண்ணத்தின் முதல் பெரிய அதிர்ச்சி என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. மறுநாள் எங்கள் வரிசையில் நாலு புதுமுகங்கள். வாகனத் தரிப்பிடத்தில் கம்பளைத் தம்பியைக் கண்டேன். கவலைப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. “நான் ஒரு கோல் பாத்துட்டன் மச்சான், எனக்கு அது போதும்” என்றான். நேபாளத்துக்காரர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கொப்பியில் பயிற்சியன்று குறித்த என் இலக்கத்தின் மேல் ஒரு கோடு இழுத்து வெட்டினார், அவ்வளவுதான்.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். ஆட்டம் பார்த்தீங்களா என்றேன். பார்த்தோம் என்றார். கரண்ட் வெட்டுகிற நேரம், வைக்கிறேன் என்று வைத்துவிட்டார். பெற்ற தாய்க்குக்கூட என் வேலை விளங்கவில்லையே என்று கோபமும் வந்தது, அவரை ஊருக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று துக்கமும் வந்தது. அதன் பிறகு எத்தனையோ தரம் பேசினோம். அவரும் அதைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இறுதிப் போட்டிக்கும் நான் நின்றேன். ஆர்ஜென்டீனாவும் பிரான்ஸும், ஆளுக்கு மூன்று கோல், பிறகு பெனால்டி. எண்பது நிமிடம் சிரித்துக்கொண்டிருந்த ஆர்ஜென்டீனாச் சனத்தின் முகத்தில் இரண்டே நிமிடத்தில் இரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். கடைசிப் பெனால்டிக்கு ஒரு கிழவர் எழும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னை மாதிரியே நின்றார். அவரும் நானும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு ஒரே ஆட்டத்தைக் கேட்டோம். உலகம் முழுக்கப் பந்தைப் பார்த்தது. முகங்களைப் பார்த்தவர்கள் எங்களைப்போல கொஞ்சப் பேர்தான். அந்தக் கிண்ணத்தின் கதையை வேறு யாரும் என் மாதிரிச் சொல்ல முடியாது என்று அன்றைக்கே எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தேன். பேராதனையிலிருந்து கலஹா பஸ்ஸில் வரும்போதும் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற யோசனைதான். வீட்டில் அம்மா இல்லை, மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. அன்று வேலைக்குப் போகாமல் நின்ற பக்கத்து வீட்டு அக்காதான் சாவியோடு வந்தார். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் கதவைத் திறந்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, அன்றைக்கு நடந்ததைத் தானாகவே சொல்லத் தொடங்கினார்.

டி.வி.யில் ஒரே மாதிரி உடுப்புப் போட்ட முதுகுகள்தான் தெரிந்தனவாம். இதில் எது உன் மகன் என்று அவர் கேட்டுக் கேட்டு அம்மாவை நோகடித்தாராம். அம்மா திரைக்குக் கிட்டப் போய்க் குந்திக்கொண்டு பார்த்தபடியே இருந்தாராம்.

“ரெண்டாவது கோலு விழுந்தோன்ன, அந்த வரிசையில நின்னவனெல்லாம் திரும்பிட்டானுங்க தம்பி. எல்லாரு மூஞ்சியும் தெரிஞ்சிச்சு, ஒன்னோடது இல்ல. நான் சிரிச்சுட்டேன். ஒங்கம்மா எந்திரிச்சு, திரும்பாம நின்ன ஒத்த முதுகத் தொட்டுக் காமிச்சாங்க. ‘நானே கெஞ்சியும் திரும்பல பாரு, இதுதான் எம்புள்ள’ன்னு சொல்லிட்டு, எல்லாருக்கும் முன்னாடி அழுதுட்டாங்க.”