சொரசொரப்பான பக்கம்

படுத்த படுக்கையான நைனா ஜன்னல் வழியே ஏரியில் போகும் படகுகளைப் பார்த்தபடியே கிடப்பார். அவருக்குத் துணி மாற்றும்போது ஜன்னலை ஒட்டிய தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தது எனக்கு அவமானமாக இருந்தது. பொன்னேரிக் கடையில் மங்கலான அக்ரிலிக் ஷீட் கேட்டேன்.

"ஒரு பக்கம் சொரசொரப்பா, ரெண்டு பக்கமுமா?" என்றார் கடைக்காரர்.

"எதுனா குடுங்க. உள்ள தெரியக் கூடாது."

ஒரு பக்கம் சொரசொரப்பானதைக் கொடுத்தார். அதை ஜன்னலில் மாட்டியதும் நைனா கேட்டார்: "இன்னாம்மா, ஏரியக் காணோம்?"

"வெளிச்சம் வருதில்ல நைனா?"

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மாசியில் போய்விட்டார்.

காரியத்துக்காக வீடு கழுவியபோது, ஷீட்டின் சொரசொரப்பான உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த இடமெல்லாம் கண்ணாடிபோலத் தெளிந்து, படகுகளோடு ஏரி தெரிந்தது. ஒரு ஈரத்துணி போதுமாயிருந்திருக்கிறது.

ஷீட் காய்ந்து ஏரி மறையும்வரை, அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.