யானைக் காலைக் கழுவிய மாப்பிள்ளை

இன்று பாகூர் கடைத்தெருவில் சந்திக்க வாய்த்தது எண்ணெய்க் கடை ஏகநாதனை. அவர் சொன்னதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்து, கடைசியில் கண்ணும் கலங்கி, சூடு ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்தாயிற்று.

ஏகநாதன் மதகடிப்பட்டு மளிகைக் கடைக்காரர் மகன். எழுபத்தாறாம் வருஷம் பிரான்சுக்குப் படிக்கப் போனார். தங்கிய அறையில் குளிர் எலும்பைக் கடித்தது. அந்த ஊரிலேயே கதகதப்பான இடம் மிருகக்காட்சிசாலையின் யானைக் கொட்டகைதான் என்று கண்டுபிடித்து, ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் அங்கே வேலைக்குப் போனார். யானையின் காலைக் கழுவி, நகத்தை அரத்தால் ராவுகிற வேலை. பெருமையாக ஒரு போட்டோவும் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அதுதான் வினை. லீவில் வந்தவர் பாகூருக்குப் பெண் பார்க்கப் போனார். கமலவேணியைப் பார்த்ததுமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் அவள் அப்பா, எண்ணெய்க் கடை சுப்பராயலு, வீட்டார் மாப்பிள்ளை போட்டோ என்று கொடுத்தனுப்பிய அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கல்யாணத்துல மாப்ள காலைப் பொண்ணப் பெத்தவன் கழுவணும். நீ யானைக் காலைக் கழுவறவன். உன் காலை நான் எப்டிப்பா கழுவறது? ஊரே சிரிக்கும்."

"சோப்பு போட்டுத்தான் கழுவுவேன் மாமா."

"நான் இன்னும் மாமா ஆவல."

அந்நேரம் வாசலில் ஒரே கூச்சல். தெருத் தெருவாக ஆசீர்வாதம் செய்துகொண்டு வந்த யானை, வீட்டு முன்பக்கமே இருந்த கடையை அடைத்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. பாகன் கெஞ்சியும் அசையவில்லை. ஏகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். புதுசாகப் போட்ட ரோட்டுத் தார் உள்ளங்காலில் ஒட்டி, அதில் ஜல்லி பதிந்திருந்தது.

"மாமா, நல்லெண்ண கொண்டாங்க."

"எவ்ளோ?" கடைக்காரர் வாய் தானாகக் கேட்டது.

"ஒரு டின்னு."

சுப்பராயலு ஊற்ற, ஏகநாதன் தேங்காய் நாரால் தேய்த்தார். தார் இளகி, ஜல்லி உதிர்ந்தது. யானை அந்தக் காலை இறக்கிவிட்டு அடுத்த காலைத் தூக்கி நீட்டியது.

"இதுல ஒண்ணுமே இல்லியேப்பா."

"சொகம் கண்டுடுச்சி. ஊத்துங்க."

மூன்றாவது காலுக்கு சுப்பராயலுவே நாரை வாங்கிக்கொண்டார். நாலாவது காலுக்கு, "குடு கண்ணு, அத்தயும் குடு" என்று யானையிடம் கொஞ்சவே ஆரம்பித்துவிட்டார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

கதவோரம் நின்ற கமலவேணி சொன்னாள்: "நாலு காலைக் கழுவிட்ட. இன்னும் ரெண்டு கால்தானப்பா."

முழங்கை வரை எண்ணெய் வழிய சுப்பராயலு மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார்.

"அதுக்குத் தாம்பாளம் போதுமா, டின்னு வேணுமான்னு கேட்டுச் சொல்லு."

படிப்பை முடித்துத் திரும்பியதும் கல்யாணம். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது ஏகநாதனும் கமலவேணியும்தான். அந்தப் போட்டோ கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. மாட்டியவர் சுப்பராயலு.

பாகூர்ப் பக்கம் போனால் ஒரு எட்டு உள்ளே போய்ப் பாருங்கள். போக முடியாதவர்கள், பெண் பார்க்கக் கிளம்புகிற யாருக்காவது இதைப் படித்துக் காட்டுங்கள்.